முதல் ஃபுல் மாரத்தான் பயிற்சி: எதுக்குக் காசு போடணும், எதை விட்டுடலாம்?

விடியல்நடை:
எல்லாருக்கும் வணக்கம். ஹாஃப் மாரத்தான் (21 கி.மீ.) ஓடியாச்சு, அடுத்து ஃபுல்லுக்கு (42 கி.மீ.) பேர் கொடுத்திருக்கேன். கையில 18 வாரப் பயிற்சி அட்டவணை இருக்கு. வாரத்துக்கு நாலு நாள் ஓட்டம், ஞாயித்துக்கிழமை லாங் ரன், அதாவது அந்த வாரத்தோட நீளமான ஓட்டம். நாலரை மணி நேரத்துக்குள்ள முடிக்கணும்னு ஆசை.

என்னென்ன வாங்கணும்னு தேட ஆரம்பிச்சதும் தலை சுத்துது. அடிநுரைக்குள்ள விறைப்பான கார்பன் தட்டு வச்ச ஷூ, ஜிபிஎஸ் வாட்ச், இதயத் துடிப்பு பார்க்கிற நெஞ்சுப் பட்டை, தண்ணி வெஸ்ட், காலை இறுக்கிப் பிடிக்கிற கம்ப்ரஷன் சாக்ஸ், மசாஜ் கன்... யார்கிட்ட கேட்டாலும் அவங்க வாங்கினது எதுவோ அது இல்லாம ஓடவே முடியாதுங்கிறாங்க. என்கிட்ட இப்ப இருக்கிறது ஹாஃபுக்குப் போட்ட ஷூ ஒரு ஜோடி, பருத்தி டி-ஷர்ட், சாதாரண சாக்ஸ், போன். அவ்வளவுதான். எல்லாத்தையும் மொத்தமா வாங்குற நிலைமையில நான் இல்லை. நீங்க என் இடத்துல இருந்தா எந்த வரிசையில வாங்குவீங்க?

நெடுந்தூரம்:
வாழ்த்துகள். முதல்ல ஒரு கணக்கு போட்டுப் பாருங்க. நாலரை மணி நேரம், நிமிஷத்துக்கு 165 அடின்னு வச்சுக்கிட்டா மொத்தம் 44,000 அடிக்கு மேல வருது. ஒரு காலுக்கு 22,000. சாக்ஸ் முனையில இருக்கிற தையல் சுண்டுவிரலை உரசுதுன்னா, அது 22,000 தடவை உரசும். 10 கி.மீ. ஓடும்போது கவனத்துக்கே வராத ஒரு சின்ன உறுத்தல், 32-வது கி.மீ.ல காலைத் தரையில வைக்க விடாது.

அதனால என் வரிசை இது: தோலைத் தொடுற எல்லாம் முதல்ல. ஷூ, சாக்ஸ், உள்ளாடை, ஷார்ட்ஸ், உரசுற இடத்துல தடவ ஏதாவது. அடுத்து தண்ணியும் ஜெல்லும் (ஓடிக்கிட்டே சாப்பிடுற மாவுச்சத்துப் பொட்டலம்) கொண்டுபோக ஒரு வழி. மூணாவதா வாட்ச். மிச்சத்தையெல்லாம் காசு இருந்தா அப்புறம் யோசிக்கலாம்.

உங்க அட்டவணைப்படி வாரத்துக்குச் சராசரி 45 கி.மீ.ன்னா, 18 வாரத்துல 800 கி.மீ. பக்கம் வந்துடும். ஒரு ஜோடி ஷூ பொதுவா 500லேருந்து 800 கி.மீ. வரைக்கும் தாங்கும். ஏற்கெனவே ஹாஃபுக்கு உழைச்ச ஷூ இந்தப் பயிற்சி முழுக்க வராது. எவ்வளவு ஓடியிருக்குன்னு நினைவிருக்கா?

விடியல்நடை:
ஆப்ல பார்த்தேன், 400ஐத் தாண்டியிருக்கு. அடிப்பாகம் இன்னும் நல்லாத்தான் தெரியுது. அதான் மாத்தணுமான்னு யோசிக்கிறேன்.

நெடுந்தூரம்:
அடிப்பாகத்து ரப்பரை வச்சு முடிவு பண்ணாதீங்க. முதல்ல சாகுறது நடுவுல இருக்கிற நுரை. ஷூவை மேஜை மேல வச்சு, கண்ணை மேஜை மட்டத்துக்குக் கொண்டுவந்து பின்பக்கமா பாருங்க. குதிகால் ஒரு பக்கம் சாஞ்சிருக்கா? நுரையோட பக்கவாட்டுல குறுக்குச் சுருக்கம் விழுந்திருக்கும். அது ஷூவைக் கையில எடுத்து விரலால அழுத்தும்போது மட்டும் தெரிஞ்சா பரவாயில்லை; சும்மா வச்சிருக்கும்போதே ஆழமா தெரிஞ்சா நுரை தளர்ந்துபோச்சுன்னு அர்த்தம். இது எதுவும் இல்லாம, ஓடின மறுநாள் முழங்காலிலோ கெண்டைக்காலிலோ வழக்கத்துல இல்லாத வலி வந்தாலும் முதல்ல ஷூவைத்தான் சந்தேகப்படணும்.

400ன்னா இன்னும் உயிர் இருக்கு. தூக்கிப் போட வேணாம். புதுசு ஒண்ணு வாங்கி ரெண்டையும் மாத்தி மாத்திப் போடுங்க.

பாதக்கலை:
நான் பிசியோதெரபிஸ்ட். ஓடுகிறவர்களின் கால்களைத்தான் தினமும் பார்க்கிறேன். ஷூ தேர்வு பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் அதிகமாகக் குழப்புவது அங்கேதான்.

ஈரக்காலைக் காகிதத்தில் பதித்து, பாத வளைவைப் பார்த்து, "தட்டைப் பாதம், அதனால் இந்த வகை ஷூ" என்று சொல்லும் பழக்கம் இன்னும் இருக்கிறது. இதை அமெரிக்காவில் தரைப்படை, விமானப்படை, மரைன் படை மூன்றிலும் புதிதாகப் பயிற்சிக்கு வந்தவர்களை வைத்துச் சோதித்துவிட்டார்கள். ஒரு பிரிவுக்கு வளைவுக்கு ஏற்ற ஷூ, இன்னொரு பிரிவுக்குப் பாதம் எப்படி இருந்தாலும் ஒரே வகை ஷூ. காயம் படுவதில் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் வரவில்லை. கால்கரி பல்கலைக்கழகத்தின் பென்னோ நிக்கும் அவர் குழுவினரும் 2015-ல் வேறொரு கருத்தை வைத்தார்கள்: போட்டு ஓடும்போது எது இதமாக இருக்கிறதோ அதைத் தேர்ந்தெடுங்கள், உடம்பே வடிகட்டிக் கொடுக்கும் என்று. என் அனுபவத்திலும் அதுதான் நிற்கிறது.

ஆனால் "இதம்" என்பதை நின்றுகொண்டே முடிவு செய்யக்கூடாது. சாயங்காலம் போய்ப் பாருங்கள். நாள் முழுக்க நடந்த கால் அப்போது சற்று வீங்கியிருக்கும், லாங் ரன்னில் வீங்குவதும் அப்படித்தான். ஓடும்போது போடும் அதே சாக்ஸோடு போட்டுப் பாருங்கள். எழுந்து நின்றால் நீளமான விரலுக்கும் ஷூ முனைக்கும் நடுவே ஒரு கட்டைவிரல் அகலம் இடைவெளி வேண்டும். நீளமான விரல் பலருக்குப் பெருவிரல் இல்லை, இரண்டாம் விரல், அதைக் கவனியுங்கள். இரண்டு பாதமும் ஒரே அளவாக இருப்பது அபூர்வம், பெரிய பாதத்துக்குத்தான் அளவு எடுக்க வேண்டும். அகலம் போதாமல் நீளத்தில் ஒரு எண் கூட்டி வாங்குவது வேண்டாம். குதிகால் நழுவும், விரல் முன்னால் மோதும். அதே ஷூவில் அகலமான வார்ப்பு கிடைக்கிறதா என்று கேளுங்கள். பிறகு ஓடிப் பாருங்கள், ஐந்து நிமிடமாவது.

இன்னொன்று, டிராப். குதிகாலடியில் இருக்கும் உயரத்துக்கும் முன்பாதத்தின் அடியில் இருக்கும் உயரத்துக்கும் உள்ள வித்தியாசம் அது. 0 முதல் 12 மி.மீ. வரை கிடைக்கிறது. குறைந்த டிராப்பில் கெண்டைச் சதைக்கும் குதிகால் தசைநாணுக்கும் சுமை கூடும். அதிக டிராப்பில் முழங்கால் பக்கம் கூடும். எது நல்லது என்று பொதுவாகச் சொல்ல முடியாது. ஆனால் 10-க்குப் பழகிய காலை மாரத்தான் பயிற்சியின் நடுவில் திடீரென்று 4-க்கு மாற்றினால் கெண்டைக்கால் தகராறு செய்யும். இப்போது உங்களிடம் இருப்பது எவ்வளவு என்று பார்த்து, அதை ஒட்டியே வாங்குங்கள்.

சாரல்:
நானும் புதுசுதான். இடையில நுழையுறதுக்கு மன்னிக்கணும். ஷூ அளவு சரியாத்தான் இருக்கு, கட்டைவிரல் இடைவெளியும் இருக்கு, ஆனா லாங் ரன் முடிஞ்சா பெருவிரல் நகம் கறுத்துப்போகுது. இன்னும் பெரிய அளவு வாங்கணுமா?

நெடுந்தூரம்:
இறக்கத்துல ஓடும்போது பாதம் முன்னால நழுவி நகம் இடிக்குதுன்னு நினைக்கிறேன். அளவை மாத்துறதுக்கு முன்னாடி லேஸ் கட்டுற விதத்தை மாத்திப் பாருங்க.

ஷூவோட மேல் விளிம்புல, கணுக்காலை ஒட்டி, கொஞ்சம் பின்னால தள்ளி ஒரு கடைசி ஓட்டை இருக்கும். நிறைய பேர் அதைத் தொடுறதே இல்லை. வழக்கம்போல லேஸ் கோத்துட்டு வாங்க. அந்த ஓட்டை வந்ததும் லேஸைக் குறுக்கே கொண்டுபோகாம, அதே பக்கத்துலயே வெளியேருந்து உள்ளே விடுங்க. முழுக்க இழுக்காதீங்க, விரல் நுனி நுழையுற அளவுக்குச் சின்ன வளையம் நிக்கட்டும். மறுபக்கமும் அப்படியே. இப்ப வலது முனையை இடது வளையத்துக்குள்ளயும், இடது முனையை வலது வளையத்துக்குள்ளயும் நுழைங்க. குதிகாலைத் தரையில தட்டி நல்லா பின்னால உட்கார வச்சுட்டு, ரெண்டு முனையையும் பக்கவாட்டுல, கொஞ்சம் கீழ்ப்பக்கமா இழுங்க. குதிகாலைப் பிடிச்ச மாதிரி இறுகும். அதுக்கப்புறம் முடிச்சு. முன்பாதத்துப் பக்கம் லேஸ் தளர்வாவே இருக்கலாம், அங்க இறுக்க வேண்டிய அவசியமே இல்லை.

நகத்தை ஒட்ட நேரா வெட்டிக்கோங்க. இதுக்கப்புறமும் கறுத்தா அரை எண் கூட்டலாம்.

கால்குலேட்டர்:
ரெண்டு ஜோடி மாத்தி மாத்திப் போடுறதைப் பத்தி ஒரு தகவல். லக்சம்பர்க்ல 264 ஓட்டக்காரங்களை 22 வாரம் பின்தொடர்ந்து ஒரு ஆய்வு பண்ணினாங்க. ஒண்ணுக்கு மேற்பட்ட ஷூவை மாத்திப் போட்டவங்களுக்குக் காயம் படுற வாய்ப்பு 39 சதவீதம் குறைவா இருந்தது. ஒவ்வொரு ஷூவும் சுமையை வேற வேற இடத்துல ஏத்துறதுதான் காரணமா இருக்கணும்.

ஆனா கார்பன் ஷூவை இங்க யாரும் தொடவே இல்லையே. அதைத்தானே அவங்க முதல்ல கேட்டாங்க? நைக்கியோட வேப்பர்ஃப்ளை 2017-ல வந்தது. அதோட முன்மாதிரியைக் கொலராடோ பல்கலைக்கழக ஆய்வகத்துல சோதிச்சப்ப, அதே வேகத்துல ஓடுறதுக்குச் செலவாகுற சக்தி சராசரியா 4 சதவீதம் குறைஞ்சுது. ஷூ எடையில 100 கிராம் குறைச்சாலே சுமார் 1 சதவீதம்தான் மிச்சம்னு இருந்த காலத்துல இது எவ்வளவு பெரிய தாவல்! அதுக்கப்புறம் எல்லாக் கம்பெனியும் அந்த வழிக்கு வந்தாச்சு. உலகத் தடகள அமைப்பு 2020-ல தலையிட்டு, சாலை ஓட்ட ஷூவோட அடிப்பாகம் 40 மி.மீ.க்கு மேல போகக்கூடாது, விறைப்பான தட்டு ஒண்ணுதான் இருக்கலாம்னு விதி போட்டது. 2021 வியன்னா மாரத்தான்ல முதல்ல வந்த எத்தியோப்பிய வீரர் டெராரா ஹுரிசா போட்டிருந்த ஷூ 50 மி.மீ. இருந்ததால தகுதி இழந்தார். அவ்வளவு பலன் இருக்கிற பொருளை ஏன் தள்ளி வைக்கணும்?

நெடுந்தூரம்:
பலன் இருக்குங்கிறதுல எனக்குச் சந்தேகமே இல்லை. யாருக்கு, எந்த வேகத்துலங்கிறதுதான் கேள்வி. அந்தக் கொலராடோ சோதனையில ஓடினவங்க 10 கி.மீ.யை 32 நிமிஷத்துக்குள்ள ஓடக்கூடியவங்க. விடியல்நடை ஓடப்போறது கி.மீ.க்கு 6 நிமிஷம் 20 விநாடி பக்கம். அந்த வேகத்துல கிடைக்கிற லாபம் ரொம்பக் குறைவு, ஆளுக்கு ஆள் மாறவும் செய்யும். அதோட, அந்த மென்மையான நுரை சீக்கிரம் தளர்ந்துடும். பந்தய நாளுக்காக வச்சிருக்கிற ஷூவைப் போட்டு தினசரி ஓட முடியாது. ஒரே ஒரு ஷூ வாங்குறதுக்குத்தான் காசு இருக்குன்னா அது கார்பன் ஷூவா இருக்கக்கூடாது. இதுல நான் பிடிவாதமாவே இருக்கேன்.

பாதக்கலை:
ஒரு எச்சரிக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கார்பன் தட்டு ஷூ போட்டு ஓடியவர்களில் ஐந்து பேருக்குப் பாதத்தின் நடுவிலுள்ள படகு எலும்பில் அழுத்தக் காயம் வந்ததை 2023-ல் மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். ஐந்து பேரை வைத்து ஷூதான் காரணம் என்று தீர்ப்பு எழுத முடியாது. ஆனால் தட்டு பாதத்தின் அசைவை மாற்றுகிறது என்பது உண்மை. பழகாத எலும்பு அதை உணரும். வாங்கினாலும் வாரத்தில் ஒரு முறை, குறைந்த தூரம் என்று மெதுவாகப் பழக்குங்கள். பாதத்தின் மேற்புறத்தில் ஒரே புள்ளியில் வலி இருந்தால் அன்றே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். படகு எலும்பு ஆறுவதற்கு ரொம்ப நாள் எடுக்கும்.

கால்குலேட்டர்:
ஏத்துக்கறேன். ஆனா வேகமா ஓடுறவங்களுக்கு மட்டும்தான்னு ஒரேயடியா சொல்லிடாதீங்க. 30 கி.மீ.க்கு அப்புறம் கால் கம்மியா வலிக்குதுன்னு நாலு மணி நேரக்காரங்க பல பேர் சொல்லியிருக்காங்க. அது தட்டாலயா, புது நுரையாலயான்னு வேணா விவாதிக்கலாம். அந்த நுரையோட தட்டு இல்லாத ஷூக்களும் இப்ப வருது, விடியல்நடைக்கு அது நல்ல நடுவழி.

சாரல்:
இவ்வளவும் பார்த்தா, ஷூவே இல்லாம ஓடினவர் ஒருத்தர் ஒலிம்பிக்ல ஜெயிச்சாரே, அதை எப்படி எடுத்துக்கறது?

நெடுந்தூரம்:
அபேபே பிகிலா. 1960 ரோம்ல வெறுங்காலோட 2:15:16. அதுக்கு முன்னாடி யாரும் அவ்வளவு வேகமா மாரத்தான் ஓடினதில்லை. ஆனா 1964 டோக்கியோவுல அவரே ஷூ போட்டுக்கிட்டு 2:12:11ல முடிச்சார். வெறுங்கால் ஓட்டம் அவருக்குச் சின்ன வயசுலேருந்தே பழக்கம். 18 வாரத்துல அந்தப் பாதத்தை உருவாக்கிக்க முடியாது.

மென்காற்று:
ஷூ பத்தியே பேசிக்கிட்டிருக்கோம். தோலைத் தொடுற மத்ததையும் பேசுவோம், அதுல நிறைய பெண்கள் கேட்கத் தயங்குற விஷயங்கள் இருக்கு.

விடியல்நடை, நீங்க ஆணா பெண்ணான்னு தெரியாது. பெண்ணா இருந்தா ஷூவுக்குச் சமமா ஸ்போர்ட்ஸ் பிராவுக்குக் காசு ஒதுக்குங்க. ஓடும்போது மார்பகம் மேலும் கீழும் மட்டும் அசையறதில்லை. பக்கவாட்டுல, முன்னும் பின்னும்னு மூணு திசையிலயும் அசையும். தாங்குறதுல பெரிய பங்கு கீழ்ப்பட்டைக்குத்தான், தோள்பட்டை வாருக்கு இல்லை. பட்டைக்குள்ள ரெண்டு விரல் நுழையணும், அதுக்கு மேல இடம் இருக்கக்கூடாது. கையை மேல தூக்கும்போது பட்டை ஏறிச்சுன்னா பெருசு. வார் தோள்ல குழி பறிச்சா, பட்டை தளர்வா இருக்கு, பாரத்தை வார் சுமக்குதுன்னு அர்த்தம். கடையில குதிச்சுப் பாருங்க, கூச்சப்படாதீங்க. எலாஸ்டிக் தளர்ந்ததும் மாத்திடுங்க. ஷூவுக்குக் கணக்கு வைக்கிற நாம இதுக்கு வைக்கிறதில்லை.

சாக்ஸ்: பருத்தி வேணவே வேணாம். வியர்வையை உறிஞ்சு அப்படியே பிடிச்சு வச்சுக்கும். ஈரத்துல தோல் ஊறி மெத்துன்னு ஆகிடும், அப்புறம் உரசினா கொப்புளம்தான். பாலியஸ்டர், நைலான் கலந்தது, இல்லை மெரினோ கம்பளி. விரலுக்கு இடையில கொப்புளம் வர்றவங்க ஒவ்வொரு விரலுக்கும் தனி உறை வச்ச சாக்ஸ் முயற்சி பண்ணலாம். வாங்கினதும் உள்ளே கையை விட்டு, விரல் நுனிப் பக்கம் இருக்கிற தையலைத் தடவிப் பாருங்க. கைக்குத் தட்டுப்பட்டா காலுக்கும் தட்டுப்படும்.

டி-ஷர்ட்டும் அப்படித்தான். ஆண்களுக்கு லாங் ரன்ல மார்புக்காம்பு உரசி ரத்தம் வர்றது ரொம்ப சாதாரணம். சட்டையில ரெண்டு சிவப்புக் கோடோட முடிவுக்கோட்டைத் தாண்டுறவங்களை எல்லாப் பந்தயத்துலயும் பார்க்கலாம். சின்ன மருத்துவ டேப் ஒட்டினா போதும். தொடை, அக்குள், பிரா பட்டைக்கு அடியில பெட்ரோலியம் ஜெல்லி தாராளமா தடவுங்க. உரசலைத் தடுக்கிற களிம்பைக் குச்சி வடிவுலயும் தனியா விக்கிறாங்க, கையில ஒட்டாதுங்கிறதுதான் அதோட வசதி.

துவைக்கும்போது துணி மென்மையாக்குற திரவம் போடாதீங்க. இழைமேல படிஞ்சு வியர்வையை வெளியேத்துற தன்மையைக் கெடுத்துடும்.

விடியல்நடை:
பெண்தான் அக்கா. கேட்கணும்னு நினைச்சு எழுதாம விட்டதை நீங்களே சொல்லிட்டீங்க, ரொம்ப நன்றி. ஷார்ட்ஸ் எப்படிப் பார்க்கிறது? தொடை உரசல் எனக்கு ஹாஃப்லயே இருந்தது.

மென்காற்று:
அப்ப அகலமான ஷார்ட்ஸ் வேணாம். தொடை பாதி வரைக்கும் ஒட்டி வர்ற இறுக்கமான ஷார்ட்ஸ் பாருங்க, கால் பக்க விளிம்பு சுருண்டு ஏறக்கூடாது. உள்தொடையில தையல் ஓடாம, அங்க தனித்துணி வச்சுத் தச்சிருக்கானு பாருங்க. ரெண்டு பக்கமும் ஆழமான பை இருந்தா ஜெல்லும் போனும் அதுக்குள்ளயே போயிடும், தனியா பெல்ட் தேவைப்படாது. போனைப் பையில போட்டுட்டு ஓடிப் பார்த்து வாங்குங்க. இடுப்பு இழுத்தா வேற பாருங்க.

இரவோடி:
இருட்டுல ஓடுறவங்களுக்காக ஒரு வார்த்தை. அதிகாலை லாங் ரன்னு பாதி இருட்டுலதானே ஆரம்பிக்கும்.

எல்லாரும் மார்புல மினுங்குற வெஸ்ட் போட்டுட்டு நிம்மதியா இருக்காங்க. ஒளி பிரதிபலிக்கிற பட்டை கணுக்கால்லயும் முழங்கால்லயும் இருக்கிறது அதைவிட முக்கியம். அந்த அசைவைப் பார்த்ததும் வண்டி ஓட்டுறவர் மனசு "மனுஷன் ஓடுறான்"னு உடனே புரிஞ்சுக்கும். மார்புல மட்டும் இருந்தா அது பலகையா, கம்பமான்னு தெரிய நேரமாகும். பட்டை வண்டி வெளிச்சம் பட்டாத்தான் மின்னும், அதனால நம்மகிட்டயும் ஒரு விளக்கு இருக்கணும். தலைவிளக்கு சாலைப் பள்ளத்தைக் காட்டும், பின்னால சின்னச் சிவப்பு விளக்கு. காதுல பாட்டு கேட்கிறவங்க காதை அடைக்காத வகையை எடுங்க. நான் இருட்டுல எதுவும் மாட்டுறதில்லை.

இதை ஏன் பட்டியல்ல கடைசியில வைக்கிறாங்கன்னு எனக்குப் புரியல. என்னைக் கேட்டா இது ஷூவுக்கு அடுத்தபடி.

நெடுந்தூரம்:
இரவோடி சொல்றது சரி. சாலையில ஓடுறவங்க என் வரிசையில ரெண்டாவதா இதைச் சேர்த்துக்கோங்க.

விடியல்நடை:
சேர்த்துட்டேன். இப்ப வாட்ச். போன்லயே ஆப் இருக்கே, போதாதா? நெஞ்சுப் பட்டை வேற தனியா எதுக்கு?

கால்குலேட்டர்:
தூரமும் நேரமும் மட்டும் போதும்னா போன் போதும். வாட்ச்சோட நிஜமான பயன் ஓடிக்கிட்டே பேஸை (ஒரு கி.மீ.க்கு ஆகுற நேரம்) பார்க்கிறது. இன்டர்வல் (விட்டு விட்டு வேகமா ஓடுறது), டெம்போ (சீரான வேக ஓட்டம்) நாள்ல அது இல்லாம சிரமம். பழைய மாடலே போதும். பார்க்க வேண்டியது ரெண்டே விஷயம்: ஜிபிஎஸ் போட்டு ஆறு மணி நேரமாவது பேட்டரி நிக்கணும், வியர்வைக் கையாலயும் அழுத்தக்கூடிய பட்டன் இருக்கணும். தூக்கத்துக்கு மதிப்பெண் போடுறது, மீளும் நேரம் சொல்றது இதுக்கெல்லாம் கூடுதல் காசு வேணாம்.

திரையில வர்ற உடனடிப் பேஸை நம்பாதீங்க. உயரக் கட்டடம், மரம் எல்லாம் சிக்னலைத் திருப்பி அடிக்கும், எண் குதிக்கும். அந்தக் கி.மீ.யோட சராசரிப் பேஸைத் திரையில வச்சுக்கோங்க. பந்தய நாள்ல இன்னொண்ணு கவனிங்க: பாதையை அளக்கிறவங்க வளைவுகள்ல மிகக் குறுகிய வழியாத்தான் அளப்பாங்க, அதுக்கு மேல 0.1 சதவீதம், அதாவது 42 மீட்டர் பாதுகாப்புக்காகச் சேர்ப்பாங்க. நாம அந்தக் குறுகிய கோட்டுல ஓடுறதில்லை. அதனால உங்க வாட்ச் 42.195ஐ முடிவுக்கோட்டுக்கு முன்னாடியே காட்டிடும். வாட்ச் சொல்ற பேஸை அப்படியே நம்பி ஓடினா நாலரை மணி கையை விட்டுப் போயிடும். வாட்ச் தானாவே ஒவ்வொரு கி.மீ.க்கும் நேரம் பிரிக்கிறதை (லேப்) அணைச்சுட்டு, கி.மீ. பலகை வரும்போது நீங்களே பட்டனை அழுத்துங்க.

நெஞ்சுப் பட்டை: மணிக்கட்டு சென்சார் ஒளியை வச்சு ரத்த ஓட்டத்தைப் பார்க்குது. கை ஆடும்போது சில சமயம் இதயத் துடிப்பை விட்டுட்டு அடி எண்ணிக்கையைப் பிடிச்சுக்கும். மெதுவா ஓடும்போதே துடிப்பு 165ன்னு நிலையா காட்டினா அதைத்தான் சந்தேகப்படணும். பட்டை இதயத்தோட மின்சிக்னலை நேரடியா எடுக்கிறதால அந்தக் குழப்பம் இல்லை. இதயத் துடிப்பை வச்சே பயிற்சி பண்றவங்களுக்கு மட்டும் பட்டை தேவை.

நெடுந்தூரம்:
ஈஸி ரன்னுக்கு எந்தக் கருவியும் வேணாம். முழு வாக்கியமா பேச முடியுதா? அதுதான் சரியான வேகம். மூச்சு வாங்கி ரெண்டு ரெண்டு வார்த்தையா வந்தா வேகம் அதிகம். முதல் ஃபுல்லுக்கு நான் வாட்ச்சைக் கட்டாயம்னு சொல்லமாட்டேன். அந்தக் காசுல ரெண்டாவது ஷூ வாங்கலாம்.

கால்குலேட்டர்:
நாலரை மணின்னு ஒரு குறி வச்சிருக்கிறவங்களுக்கு முதல் 10 கி.மீ.ல கட்டுப்பாடு வேணுமே. கூட்டத்தோட உற்சாகத்துல கி.மீ.க்கு அரை நிமிஷம் வேகமா போயிடுவாங்க, அதுக்கு 30க்கு அப்புறம் வட்டி கட்டணும். ஒரு சாதாரண வாட்ச் அதைத் தடுக்கும்.

நெடுந்தூரம்:
அதுக்குச் சாதாரண நிறுத்துகடிகாரமும் கி.மீ. பலகையும் போதும். இதுல நாம ரெண்டு பேரும் ஒத்துப்போக மாட்டோம், விடியல்நடையே முடிவு பண்ணட்டும்.

விடியல்நடை:
தண்ணிக்கு வெஸ்ட்டா, பெல்ட்டா, கையில பிடிக்கிற பாட்டிலா? லாங் ரன்ல எவ்வளவு கொண்டுபோகணும்னே எனக்குத் தெரியல.

பாதக்கலை:
பொருளுக்கு முன்னால் உங்கள் வியர்வை அளவைக் கண்டுபிடியுங்கள். ஒரு மணி நேர ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள், பின்னால் பார்க்கும்போது வியர்வையைத் துடைத்துவிட்டு, ஈரத்துணி இல்லாமல். குறைந்த எடையோடு நடுவில் குடித்ததைக் கூட்டினால் அந்த ஒரு மணி நேரத்தின் வியர்வை. ஒரு கிலோ என்றால் ஏறக்குறைய ஒரு லிட்டர். வெயில் நாளில் ஒரு முறை, குளிர்ந்த நாளில் ஒரு முறை பாருங்கள்.

போனதை முழுதும் குடித்து நிரப்ப வேண்டியதில்லை. தாகத்துக்குக் குடித்தால் போதும். இதை அழுத்திச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. 2002 பாஸ்டன் மாரத்தானில் முடிவில் ரத்தம் கொடுத்த 488 பேரில் 13 சதவீதத்தினருக்கு ரத்தத்தில் சோடியம் (உப்புச்சத்து) இயல்புக்குக் கீழே இருந்தது. ஓடி முடித்தபோது எடை கூடியிருந்தவர்களுக்கும், நான்கு மணி நேரத்துக்கு மேல் எடுத்தவர்களுக்கும்தான் அது அதிகம். நாலரை மணி ஓடுகிறவர் ஒவ்வொரு தண்ணீர்ப் பந்தலிலும் கட்டாயத்துக்குக் குடிப்பது ஆபத்து. தலைவலி, வாந்தி, கைவிரல் வீக்கம், குழப்பம் தெரிந்தால் மேலும் தண்ணீர் குடிக்காமல் மருத்துவக் குழுவிடம் போக வேண்டும்.

நெடுந்தூரம்:
பொருள் விஷயத்துல: வழியில தண்ணி நிரப்ப இடம் இருந்தா அரை லிட்டர் மென் பாட்டில் ஒண்ணு போதும். காலியானா சுருட்டிப் பையில வச்சுடலாம். இடமே இல்லாத பாதைன்னா வெஸ்ட். பெல்ட் பலருக்குக் குதிக்கும், இடுப்பெலும்புக்குக் கீழே இறக்கிக் கட்டினா கொஞ்சம் அடங்கும். வீட்டைச் சுத்தி 5 கி.மீ. வட்டமா ஓடி, ஒவ்வொரு சுத்துக்கும் வாசல்ல வச்ச பாட்டில்ல குடிச்சா எதுவுமே வாங்க வேணாம்.

ஜெல் ஒண்ணுல பெரும்பாலும் 20லேருந்து 25 கிராம் மாவுச்சத்து. மணிக்கு 30லேருந்து 60 கிராம் வேணும், அப்ப நாலரை மணிக்குக் குறைஞ்சது ஆறேழு ஜெல் ஆகும். இத்தனையைச் சுமக்க இடம் இருக்கான்னு பார்த்துட்டு ஷார்ட்ஸ் வாங்குங்க. பந்தயத்துல எந்த ஜெல் கொடுக்கப்போறாங்கன்னு முன்கூட்டியே கேட்டு, அதையே லாங் ரன்ல சாப்பிட்டுப் பாருங்க. வயிறு ஒத்துக்கலைன்னா பயிற்சியிலேயே தெரியட்டும்.

சாரல்:
கம்ப்ரஷன் சாக்ஸ், மசாஜ் கன்?

பாதக்கலை:
கம்ப்ரஷன் வேகத்தைக் கூட்டும் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. ஓடி முடித்த பிறகு போட்டுக்கொண்டால் வலி கொஞ்சம் குறைவாக உணரலாம். மசாஜ் கன்னும் அப்படித்தான், இதம் தரும், அவ்வளவே. இரண்டுக்கும் பதிலாக ஒரு மணி நேரம் கூடுதலாகத் தூங்கலாம்.

விடியல்நடை:
இப்படி முடிவு பண்ணியிருக்கேன். இந்த மாசம் டிராப் பார்த்து ஒரு ஷூ, சாக்ஸ் மூணு ஜோடி, பிரா, கணுக்கால் பட்டை, விளக்கு. அடுத்த மாசம் ஷார்ட்ஸ், பாட்டில். வாட்ச் யார்கிட்டயாவது பழசு கிடைச்சா வாங்குவேன், இல்லைன்னா போன். கார்பன் வேணாம். கடைசியா ஒரு சந்தேகம்: பந்தயத்துக்குன்னு புது ஷூ தனியா வேணுமா? வேணும்னா எப்ப வாங்குறது?

நெடுந்தூரம்:
இப்ப வாங்குற ஷூ ஒத்துக்கிச்சுன்னா, 12-வது வாரம் பக்கம் அதே மாடல்ல இன்னொண்ணு வாங்கிடுங்க. தள்ளிப்போட்டா கம்பெனி அடுத்த பதிப்பைக் கொண்டுவந்துடும், பேர் ஒண்ணா இருந்தாலும் வார்ப்பு மாறியிருக்கும். அதைப் போட்டு ரெண்டு சின்ன ஓட்டம், அப்புறம் கடைசிப் பெரிய லாங் ரன். அந்த லாங் ரன்ல பந்தய நாள் உடுப்பு முழுசும் இருக்கணும்: அதே சாக்ஸ், அதே பிரா, அதே ஷார்ட்ஸ், பையில அத்தனை ஜெல், அதே களிம்பு அதே இடத்துல. முடிச்சுட்டுக் குளிக்கும்போது எங்கெங்க எரியுதுன்னு பாருங்க. எரியுற இடத்தைக் குறிச்சு வச்சுக்கிட்டு, பந்தயத்தன்னைக்கு அங்க ரெண்டு மடங்கு தடவுங்க.

மென்காற்று:
சட்டையில குத்துற பந்தய எண் அட்டையையும் அந்த லாங் ரன்லயே குத்திப் பாருங்க. பழைய அட்டை ஒண்ணு போதும். ஊக்கு நாலும் சட்டை முன்பக்கம் குத்தினா ஜெல் எடுக்கக் கை போற இடத்தை மறைக்குதான்னு தெரியும். பிராப் பட்டை மேல ஊக்கு படாம பார்த்துக்கோங்க.